வீட்டில் சவுனா: கேபின் விலையைப் பார்க்கும் முன் உங்க ஈபி மீட்டரைப் பாருங்க

வீடியோவில் காட்ட முடியாத கணக்கு ஒண்ணு இருக்கு. பேப்பர் பேனா எடுத்து, உங்க வீட்டு ஈபி பில்லையும் பக்கத்தில் வச்சுக்கிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டிய கணக்கு. அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சென்னை வெயிலில் எதுக்குப்பா சவுனான்னு சிரிக்கிறவங்க சிரிக்கலாம். ஜிம்மில் உட்கார்ந்து பழகினவங்களும், ஊட்டி கொடைக்கானல் பக்கம் வீடு கட்டுறவங்களும் விசாரிக்கத்தான் செய்றாங்க. கடைக்காரர் கேபின் விலை சொல்லுவார், நோ காஸ்ட் இஎம்ஐ போட்டுத் தர்றேன்னு சொல்லுவார். அந்த இஎம்ஐயில் வராதது மூணு: கேபின் வரைக்கும் இழுக்கிற தனி லைன், ஈபியில் கூடுதல் லோடு வாங்குற செலவு, அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை வரப்போற பில். மூணுமே உங்க கைக்காசு. இந்த மூணையும் முடிவு பண்றது ஹீட்டர் எத்தனை கிலோவாட் என்கிற ஒரே எண். அதனால அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

எந்த சவுனா?

கடையில் "சவுனா"ன்னு விற்கிறது ரெண்டு வகை. இன்ஃப்ராரெட் கேபின் ஒண்ணு. ஒருத்தர் ரெண்டு பேர் உட்காரும் அளவுக்கு பொதுவா ஒன்றரை, ஒண்ணே முக்கால் கிலோவாட் சுற்றி இருக்கும். 1.8 கிலோவாட்னு வச்சாலும் 230 வோல்ட்டில் 8 ஆம்பியருக்குள்தான். ஏசி, கீசர் போடுற 16 ஆம்பியர் பெரிய பிளக் பாயிண்ட் நல்ல நிலையில் இருந்து, அது தனி லைனாவும் இருந்தா வேலை முடிஞ்சது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் சொருகக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வர்ற கேபினா இருந்தா, பின்னாடி ஒட்டியிருக்கிற தகட்டில் 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்னு இருக்கான்னு பாருங்க. அமெரிக்காவுக்குச் செஞ்ச 120 வோல்ட் கேபின் மலிவாக் கிடைக்குதுன்னு வாங்கிட்டா, அதுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கணும். மலிவு அதோட போச்சு.

இன்னொண்ணு கல்லைச் சூடாக்கித் தண்ணி ஊத்துற ஃபின்லாந்து வகை. கேபினுக்குள் காத்தே 80, 90 டிகிரிக்குப் போகும். இதுக்கு 3 முதல் 9 கிலோவாட் வரை ஹீட்டர் வேணும். இந்தக் கட்டுரையின் மீதி முழுக்க இதைப் பத்தித்தான், ஏன்னா பணம் கரையுறது இங்கேதான்.

எத்தனை கிலோவாட்?

அறையின் கன அளவில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட். இதுதான் அடிப்படைக் கணக்கு. 5 அடிக்கு 6 அடி, உயரம் 7 அடின்னா 210 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 6 கன மீட்டர். 6 கிலோவாட் ஹீட்டர் போதும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் கவனிக்கிறதில்லை. இன்சுலேஷன் இல்லாத செங்கல் சுவர், டைல்ஸ், கண்ணாடி எல்லாம் சூட்டைக் குடிக்கும். அப்படிப்பட்ட பரப்பு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய 1.2 கன மீட்டர் கூட்டிக்கணும். படத்தில் அழகா இருக்குன்னு கதவும் ஒரு பக்கமும் கண்ணாடி வைக்கிறீங்க, ரெண்டரை சதுர மீட்டர்னு வைங்க. 3 கன மீட்டர் கூடுது. அதே அறை இப்ப 9 கன மீட்டர் கணக்கு, ஹீட்டர் 9 கிலோவாட். கண்ணாடிக்கு ஒரு தடவை காசு கொடுக்குறீங்க, ஹீட்டருக்கும் வயருக்கும் இன்னொரு தடவை, அப்புறம் ஒவ்வொரு பில்லிலும். என்னைக் கேட்டா, மரச் சுவருக்குப் பின்னாடி நல்ல இன்சுலேஷனும் சின்னக் கண்ணாடி வச்ச கதவும் போதும். மிச்சமாகிற காசைத் தூக்கி வயரிங்கில் போடுங்க.

வயரும் எம்சிபியும்

வாட்டை வோல்ட்டால் வகுத்தா ஆம்பியர். 6,000-ஐ 230-ஆல் வகுத்தா 26 ஆம்பியர். சிங்கிள் பேஸ் வீட்டில் ஒரே வயரில் இவ்வளவும் போகணும். இதுக்கு 32 ஆம்பியர் எம்சிபி.

வயர்? எலக்ட்ரீஷியன் "நாலு ஸ்கொயர் போதும் சார்"னு சொல்லுவார். பட்டியலில் பார்த்தா அவர் சொல்றது சரியாவே தெரியும்: பைப்புக்குள் போகிற 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் 32 ஆம்பியர் தாங்கும். ஆனா அந்தப் பட்டியல் 30 டிகிரி வெப்பநிலைக்குப் போட்டது. மொட்டை மாடி வெயிலில் காயுற பைப்புக்குள் 30 டிகிரி எப்ப இருந்துச்சு? 45 டிகிரியில் அதே வயரின் திறன் ஐந்தில் ஒரு பங்கு குறைஞ்சு 25 ஆம்பியருக்கு வந்துடும். 26 ஆம்பியர் ஹீட்டரை அதில் போட்டா, 32 ஆம்பியர் எம்சிபி சும்மா இருக்கும், வயர் மட்டும் உள்ளுக்குள்ளே வெந்துக்கிட்டு இருக்கும். 6 ஸ்கொயர் வயர்னா 45 டிகிரியிலும் 32 ஆம்பியர் வரும். அதனால நம்ம ஊரில் 6 கிலோவாட், சிங்கிள் பேஸ்னா 6 ஸ்கொயர்தான். 4.5 கிலோவாட் ஹீட்டருக்கு 20 ஆம்பியர். அதுக்கு 25 ஆம்பியர் எம்சிபியும் 4 ஸ்கொயரும் பொருந்தும்.

டிபி பாக்ஸிலிருந்து கேபின் 20 மீட்டர் தள்ளி இருந்தா, போக வர 40 மீட்டர் வயர், கூடவே எர்த் வயர் 20 மீட்டர். மாடியில் சவுனா, மீட்டர் தரைத்தளத்தில்னா இன்னும் நீளும். செம்பு விலை ஏறி இறங்குறதால ரூபாய்க் கணக்கு நான் போடலை. இந்த நீளத்தை எழுதிக்கிட்டுப் போய்க் கடையில் அன்னைக்கு விலை கேளுங்க. கேபினை எந்த அறையில் வைக்கிறதுன்னு யோசிக்கும்போதே டிபி பாக்ஸ் எங்கே இருக்குன்னும் பார்த்தா இந்தச் செலவு பாதியாகும்.

மூணு பேஸ் வீடுன்னா கதையே வேற. ஐரோப்பிய ஹீட்டர்களுக்குள் பெரும்பாலும் மூணு காயில் இருக்கும், 6 கிலோவாட்னா ஒவ்வொண்ணும் 2 கிலோவாட். ஒரு பேஸுக்கு ஒரு காயில். பேஸுக்கு 8.7 ஆம்பியர்தான் போகும். 16 ஆம்பியர் எம்சிபி, 2.5 ஸ்கொயர் வயர் போதும். 9 கிலோவாட் போட்டாலும் பேஸுக்கு 13 ஆம்பியர், அதே வயர் தாங்கும். அதையே சிங்கிள் பேஸில் போட்டா 39 ஆம்பியர்! பல வீடுகளில் மெயின் சுவிட்சே 40 ஆம்பியர்தான்.

அதனால ஹீட்டர் தகட்டைப் படிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. சில மாடல்களை உள்ளே இருக்கிற இணைப்புத் தகடை மாத்திப் போட்டு ஒரு பேஸுக்கும் மூணு பேஸுக்கும் பயன்படுத்தலாம். சிலது 400 வோல்ட் மூணு பேஸ் மட்டும்தான். அதைச் சிங்கிள் பேஸ் வீட்டுக்கு வாங்கிட்டு வந்தா, ஹீட்டருக்காக வீட்டு கனெக்‌ஷனையே மாத்த வேண்டியிருக்கும்.

ஈபி என்ன சொல்லும்?

உங்க சர்வீஸுக்கு அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட்னு பாருங்க. பழைய வீடுகளில் ஃபேனும் லைட்டும் டிவியும் இருந்த காலத்தில் வாங்கின லோடு அப்படியே இருக்கும். அதுக்கு மேல ரெண்டு ஏசி, கீசர், மோட்டார் எல்லாம் ஏறியிருக்கும். இதுக்கு மேல 6 கிலோவாட்.

ஒரு சாயங்காலத்தைக் கணக்குப் பண்ணிப் பாருங்க. சவுனா ஓடுது, 26 ஆம்பியர். முடிச்சுட்டுக் குளிக்க கீசர் போட்டாச்சு, 9. ஹாலில் ஒன்றரை டன் ஏசி, 8. மொத்தம் 43. அந்த நேரம் பார்த்து யாராவது மோட்டார் போட்டா 48. 40 ஆம்பியர் மெயின் இதைத் தாங்காது. டிரிப் ஆனா நல்லது. பழைய ஃபியூஸ் கட்டையில் தடிமனான கம்பி கட்டி வச்சிருக்கிற வீடுன்னா டிரிப் ஆகாது, மீட்டர் போர்டில் கருகுற வாசனைதான் வரும்.

கூடுதல் லோடுக்கு மின் வாரியத்தில் விண்ணப்பிக்கணும். சிங்கிள் பேஸில் ஒரு அளவுக்கு மேல் லோடு தர மாட்டாங்க, மூணு பேஸுக்கு மாறணும். மீட்டரும் மாறும், கம்பத்திலிருந்து வர்ற சர்வீஸ் வயரும் மாறும். கட்டச் சொல்ற தொகையில் ரெண்டு விதம் இருக்கு, பிரிச்சுப் பாருங்க. மேம்பாட்டுக் கட்டணம் மாதிரியானவை திரும்ப வராது, அது செலவு. வைப்புத் தொகை உங்க பெயரில் நிற்கும், மின்சாரச் சட்டம் 2003-இன் 47-ஆம் பிரிவுப்படி அதுக்கு வட்டியும் தரணும். முடங்குற பணம்தான், காணாமல் போற பணமில்லை.

"யாருக்குத் தெரியப் போகுது, சொல்லாமலே போட்டுடலாம்"னு ஆலோசனை சொல்ல ஆள் இருப்பாங்க. கேட்காதீங்க. ஏதாவது தீப்பிடிச்சு வீட்டு இன்ஷூரன்ஸ் கேட்கப் போனா, சர்வேயர் முதலில் பார்க்கிறது வயரிங்கைத்தான். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரின் பில், டெஸ்ட் ரிப்போர்ட், ஈபி அனுமதிக் கடிதம் மூணும் ஒரு ஃபைலில் இருந்தா பேச இடம் இருக்கும்.

மூணு பேஸ் வீட்டுக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பேஸ் போயிட்டா எல்லாத்தையும் இன்னொரு பேஸுக்குத் தள்ளுற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் நம்ம ஊரில் பல வீடுகளில் இருக்கு. சவுனா லைன் அந்த சுவிட்சுக்கு முன்னாடியே பிரிஞ்சு போகணும். இன்வெர்ட்டர் லைனில் சேரவே கூடாது.

ஆர்சிசிபி டிரிப் ஆனா

புது ஹீட்டரைப் பூட்டி முதல் தடவை ஆன் பண்றீங்க, வீடே இருட்டாகுது. இது அடிக்கடி நடக்கிற விஷயம். குடோனில் கிடந்த ஹீட்டர் காயிலின் உள் இன்சுலேஷன் காத்தில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அதனால கொஞ்சம் மின்சாரம் எர்த்துக்குக் கசியும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அதைப் பிடிச்சு டிரிப் பண்ணும். சில தடவை சூடாக்கினா ஈரம் காய்ஞ்சு சரியாகிடும். ஆனா அவசரத்தில் இருக்கிற எலக்ட்ரீஷியன் என்ன பண்ணுவார்? ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணிட்டு "இப்ப ஓடுது பாருங்க"னு சொல்லிக் கிளம்பிடுவார். அந்த நிமிஷத்திலிருந்து உங்க வீட்டில் ஷாக் அடிச்சாக் காப்பாத்த ஒண்ணும் இல்லை.

சவுனாவுக்குத் தனி லைன், தனிப் பாதுகாப்பு. வீட்டு ஆர்சிசிபியோட சேர்க்காதீங்க. சேர்த்தா சவுனா கசியுற அன்னைக்கெல்லாம் ஃப்ரிட்ஜும் நிக்கும். ஹீட்டர் லைனுக்கு எந்த அளவு ஆர்சிசிபின்னு ஹீட்டர் கம்பெனியின் கையேட்டில் இருக்கும், அதைப் பின்பற்றச் சொல்லுங்க. கேபினுக்குள் இருக்கிற லைட் மாதிரி மத்த எல்லாத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் கட்டாயம்.

அடுத்தது கேபினுக்குள் போற கடைசித் துண்டு வயர். வீட்டுக்குப் போடுற பிவிசி வயர் 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். உள்ளே காத்தே 90 டிகிரி! கொஞ்ச நாளில் மேல்தோல் மொறுமொறுன்னு ஆகி உதிர்ந்துடும். சவுனாவுக்கென்றே இருக்கிற சர்வதேச நியமம், ஐஇசி 60364-இன் 703-ஆம் பிரிவு, கேபினுக்குள் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே இருக்கிற பொருள் 125 டிகிரி தாங்கணும், வயர் இன்சுலேஷன் 170 டிகிரி தாங்கணும்னு சொல்லுது. சிலிகான் ரப்பர் வயர் அதுக்குத்தான். சில மீட்டர்தான் தேவைப்படும், அதில் மிச்சம் பிடிக்காதீங்க. பிளக் பாயிண்ட் உள்ளே கூடவே கூடாது. சுவிட்சும், ஹீட்டரோடவே வர்றதைத் தவிர, வெளியேதான்.

இன்னொரு புது மோகம் ஸ்மார்ட் பிளக். ஆபீஸிலிருந்தே போனில் ஆன் பண்ணலாம்னு. 16 ஆம்பியர் பிளக்கால் 26 ஆம்பியர் ஹீட்டரைத் தாங்க முடியாது. அதுவும் போக, மேலே துண்டு காயுதான்னு பார்க்காமல் ஆன் பண்ற பொருள் இல்லை இது. ஹீட்டரோட வர்ற டைமரும், அதுக்கேத்த கன்ட்ரோல் யூனிட்டும் போதும்.

பில் எவ்வளவு கூடும்?

6 கிலோவாட் ஹீட்டர் சூடேற 40 நிமிஷம் முழுசா ஓடினா 4 யூனிட். அப்புறம் நீங்க உள்ளே இருக்கிற அரை மணிக்குக் கொஞ்சம் மேல, விட்டு விட்டு ஓடும், இன்னும் 2 யூனிட்னு வைங்க. ஒரு தடவைக்கு 6 யூனிட். வாரத்துக்கு மூணு தடவைன்னா ரெண்டு மாசத்தில் 26 தடவை, 156 யூனிட்.

"யூனிட் அஞ்சு ரூபா, ஒரு தடவைக்கு முப்பது ரூபா சார், காபி காசு"ன்னு கடையில் சொல்லுவாங்க. தமிழ்நாட்டு ஈபி கட்டணம் அப்படி வேலை செய்யாது. சவுனாவின் யூனிட் எல்லாம் உங்க பில்லின் உச்சியில் போய் உட்காரும். 2024 ஜூலை திருத்தத்துக்கு அப்புறம் 400-ஐத் தாண்டினா யூனிட் 6 ரூபாய்க்கு மேல், 500-ஐத் தாண்டினா 8-க்கு மேல், 600-ஐத் தாண்டினா 9-க்கு மேல், 800-ஐத் தாண்டினா 10-க்கு மேல், 1,000-ஐத் தாண்டினா 11-க்கு மேல். அதோட, மொத்தம் 500-ஐத் தாண்டினாலே 101-லிருந்து 200 யூனிட் வரைக்கும் கிடைச்சுக்கிட்டிருந்த பாதி விலைச் சலுகையும் போயிடும்.

ரெண்டு மாசத்துக்கு 460 யூனிட் ஓடுற வீட்டை எடுத்துக்குவோம். சவுனாவுக்கு அப்புறம் 616. முதல் 40 யூனிட் 6 ரூபாய்க்கு மேல, அடுத்த 100 யூனிட் 8-க்கு மேல, கடைசி 16 யூனிட் 9-க்கு மேல, போன சலுகை 200-க்கு மேல. கூட்டினா 1,400 ரூபாய்க்குக் குறையாது. ஒரு தடவைக்கு 30 ரூபாய்னு சொன்னது 54 ரூபாய்க்கு மேல வந்து நிக்குது. ஏற்கெனவே ஏசியால் 900 யூனிட் ஓடுற வீடுன்னா அதே 156 யூனிட்டுக்கு 1,600-க்கு மேல. அதே வாரத்துக்கு மூணு தடவை இன்ஃப்ராரெட் கேபின்னா ரெண்டு மாசத்துக்கு மொத்தமே 45 யூனிட் சுமார்தான்.

வோல்டேஜ் பத்தி ஒரு சின்ன விஷயம். கோடைச் சாயங்காலம் 200 வோல்ட்டுக்கு இறங்கினா 6 கிலோவாட் ஹீட்டர் 4.5 கிலோவாட்டாத்தான் வேலை செய்யும். ஹீட்டர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு டெக்னீஷியனைக் கூப்பிட்டு விசிட் சார்ஜ் கொடுக்காதீங்க, சூடேற நேரமெடுக்கும், அவ்வளவுதான். ஸ்டெபிலைசரும் வேண்டாம்.

கொட்டேஷன் வாங்கும்போது

முதலில் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு மீட்டர், மெயின், டிபி பாக்ஸ், எர்த் நாலையும் பார்க்கச் சொல்லுங்க. இந்தக் கனெக்‌ஷனில் எத்தனை கிலோவாட் தாங்கும்னு அவர் எழுத்தில் தரட்டும். அந்த எண்ணோட கேபின் கடைக்குப் போங்க. தலைகீழாப் போனா, வாங்கின ஹீட்டருக்கு வீட்டை மாத்த வேண்டியதாயிடும்.

கொட்டேஷனில் "சவுனா வயரிங் - மொத்தம்"னு ஒரே வரி இருந்தா திருப்பிக் கொடுங்க. வயர் எத்தனை ஸ்கொயர், எத்தனை மீட்டர், எந்த பிராண்ட், எம்சிபி ஆம்பியர், ஆர்சிசிபி, வெப்பம் தாங்கும் வயர், எர்த், கூலி எல்லாம் தனித்தனியா வரணும். ரெண்டு பேர் கொட்டேஷனை ஒப்பிடும்போது விலை குறைவா இருக்கிறவர் 4 ஸ்கொயர் போட்டிருக்காரான்னு பாருங்க. பெரும்பாலும் வித்தியாசம் அங்கேதான் இருக்கும்.

சிங்கிள் பேஸ் வீடு, இருக்கிற லோடு குறைவு, வாரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்தாலே பெருசுன்னா, என் கருத்தில் கல் ஹீட்டர் வேண்டாம். இன்ஃப்ராரெட் எடுங்க, இல்லைன்னா ஜிம்மிலேயே முடிச்சுக்குங்க. புது வீடு கட்டிக்கிட்டு இருக்கீங்க, மூணு பேஸ் எப்படியும் வாங்கப் போறீங்கன்னா, சுவர் பூசுறதுக்கு முன்னாடியே சவுனா இடத்துக்கு ஒரு பைப்பும் 5 வயரும் போட்டு வச்சுடுங்க. கேபினை அஞ்சு வருஷம் கழிச்சுக்கூட வாங்கலாம், சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

வாடகை வீட்டில் இருக்கிறவங்க பிளக்கில் சொருகுற கேபினைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். அபார்ட்மென்ட்டில் சொந்த வீடுன்னா, கீழே மீட்டர் அறையிலிருந்து உங்க மாடிக்கு வர்ற கேபிள் எத்தனை ஸ்கொயர்னு அசோசியேஷனில் கேளுங்க. அந்தக் கேபிளை மாத்தணும்னா அவங்க அனுமதி வேணும், பொதுச் சுவர் வழியா இழுக்கணும், அந்தச் செலவு முழுக்க உங்களுது.